இருபத்தேழாவது அடி

முடியில்லாத கன்னத்தைச் சிரைப்பது எப்படி என்று இந்த ஏரிக்கரையில் என் ஒருவனுக்குத்தான் தெரியும். பெருமைப்பட ஒன்றுமில்லை. அந்த வித்தை தேவைப்பட்டதும் ஒரே ஓர் ஆளுக்குத்தான். கத்தியைத் திருப்பிப் பிடித்து, முதுகுப் பக்கத்தைக் காதோரத்தில் வைத்துத் தாடை வரை இழுக்க வேண்டும். சத்தம் வராது. முதல் வருஷம் நானே வாயால் 'சரக் சரக்' என்று சத்தம் கொடுத்தேன். பொன்னியம்மாள் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "கத்தி போதும் பரியாரி. பாட்டு வேணாம்" என்றாள்.

வருஷத்துக்கு ஒரு நாள், தை பிறந்த மறுநாள், ஈச்சங்குப்பத்தில் பாடு குலுக்குவார்கள். ஏரியில் வலை கட்டுகிற இடத்துக்குப் பாடு என்று பேர். கிளிஞ்சலில் ஆளுக்கொரு அடையாளம் கீறிப் பானையில் போட்டு, ஊர்ப் பெரியதனம் மாசிலாமணி கண்ணைக் கட்டிக்கொண்டு எடுப்பார். அதற்கு முன் தலையில் துண்டு கட்டும் உரிமையுள்ளவர்கள் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து என்னிடம் முகம் சிரைத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு ஒரு துண்டு. அந்த வீட்டுக்கே தலைக்கட்டு என்றுதான் பேர். துண்டு கட்ட ஆண் இருந்தால் பாடு உண்டு. இல்லாவிட்டால் 'தலைக்கட்டு அவுந்துது' என்பார்கள். பங்கு கிட்டத்துப் பங்காளிக்குப் போய்விடும். அந்த வீட்டுப் பெண்கள் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, நீரில் தவழ்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பொறுக்கப் போவார்கள். ஒரு பாடு ஒரே இரவில் தருவது, அவர்கள் கைக்கு ஒரு மாதத்தில் வராது.

பொன்னியின் அப்பா எல்லப்பனுக்கு அம்மையில் இரண்டு கண்ணும் போயின. மகன் கிடையாது. மூத்தவள் பொன்னி தாலியறுத்துத் தாய்வீடு வந்தவள். இளையவள் கஸ்தூரி இரண்டு பெண் குழந்தைகளோடு வந்தாள். அவள் புருஷனை முகத்துவாரம் வாங்கிக்கொண்டது. அந்த வருஷம் வாந்திபேதி ஊரில் பாதிப் பேரைத் தின்றிருந்தது. வலைக்கு முளை அடிக்க ஆள் போதவில்லை. பொன்னி என்னிடம் வந்து முடியைக் கத்தரிக்கச் சொன்னாள். கத்தரித்தேன். கத்தரி நழுவிக் காதில் ஒரு கீறல்கூட விழுந்தது. அப்பா வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, அவர் துண்டையே தலையில் சுற்றிக்கொண்டு, ரத்தம் சொட்டும் காதோடு கூட்டத்தில் போய் உட்கார்ந்தாள். ஊரார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மாசிலாமணி, "முள அடிப்பியா?" என்று மட்டும் கேட்டார். அடிப்பேன் என்றாள். முடிந்தது.

இது நடந்து பன்னிரண்டு வருஷம். தோணியில் அவளைப் 'பொன்னிண்ணே' என்று கூப்பிடுவார்கள். எனக்கு மட்டும் எப்படிக் கூப்பிடுவதென்று இன்றுவரை முடிவாகவில்லை. அதனால் ஒருமுறை இருமிவிட்டுப் பேச ஆரம்பிப்பேன். ஊரில் எனக்கு நெஞ்சுச்சளி என்று பேச்சு.

ஒருமுறை கேட்டேன், துண்டு கட்டிக்கொண்டதில் என்ன கண்டாய் என்று.

"கட்ன மறுநாளு கோட்டை சந்தைக்கு மீன் தூக்கினு போனேன் பரியாரி. ஒருத்தன் கையப் புடிக்கல, ஒருத்தன் யார் பொண்டாட்டினு கேக்கல. மொறச்சிப் பேசினேன், கேட்ட வெலய குடுத்துட்டான். அதே மீனு, அதே கூட. அதுக்கு முந்தி இதே மூஞ்சிக்கு பாதி வெலதான் குடுத்தான்."

"அப்போ லாபந்தான்."

"கெணத்தாண்ட போனா பொம்பளைங்க பேச்ச நிறுத்திடறாங்கோ. கஸ்தூரிகூட. சிரிச்சினு இருப்பாளுங்க, நான் போனா முந்தானைய இழுத்து வுட்டுக்கினு தண்ணி மொண்டுக்கினு போறாளுங்க." கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். "இங்க ஆம்பளைங்களும் நான் குந்தினா கெட்ட பேச்சு பேசறதில்ல. ரெண்டு பக்கமும் பேச்சு நின்னுடுது."

நான் என் கதையையும் சொல்லிவிட வேண்டும். பொன்னேரிப் பக்கத்தில் நெல் விளையும் ஊர்க்காரன். சிரைப்பதும் காயத்துக்கு மருந்து கட்டுவதும் தொழில், அதனால் பரியாரி. வாரத்தில் இரண்டு நாள் பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்துக்காரச் சிப்பாய்களின் செம்பட்டைத் தாடி, மற்ற நாள் ஏரிக்கரைக் குப்பங்கள். ஏரிச் சண்டையில் கைவைக்கக் கூடாதவர்கள் என்று ஒரு வழக்கம் இருக்கிறது: பெண்கள், பிள்ளைகள், பரியாரி. ஊருக்கெல்லாம் மீசை முறுக்கிவிடுகிற நான் சண்டை என்று வந்தால் பெண்களோடு கரையில் நிற்பேன். அதில் எனக்கு வெட்கமே கிடையாது. அடிபடாமல் இருக்க மீசையை எடுக்கச் சொன்னாலும் நானே எடுத்துக்கொள்வேன். கத்தி கையில்தானே இருக்கிறது.

பொன்னி துண்டு கட்டிய பன்னிரண்டாம் வருஷ ஐப்பசி வெள்ளம் முகத்துவாரத்து மணல்திட்டை வடக்கே தள்ளிவிட்டது. அந்தத் திட்டுதான் ஈச்சங்குப்பத்துக்கும் முள்ளிக்குப்பத்துக்கும் எல்லை. எல்லை நகர்ந்ததா, மணல் மட்டும் நகர்ந்ததா என்பது கேள்வி. மணல்தான் எல்லை என்றார்கள் முள்ளிக்குப்பத்தார். மணல் எங்கே போனாலும் எங்கள் தண்ணீர் எங்கள் தண்ணீர் என்றார்கள் இவர்கள். திட்டை ஒட்டிய பாடு அந்த வருஷக் குலுக்கலில் நாலு தலைக்கட்டுக்குச் சேர்ந்து விழுந்தது. அதில் பொன்னி ஒருத்தி. அவள் சித்தப்பா மகன் சம்பந்தம் ஒருவன்.

தை ஏழாம் நாள் காலை. வாடைக் காற்று முகத்தில் அறைந்துகொண்டிருந்தது. பனி விலகியபோது, இவர்கள் அடித்த முளைகளை முள்ளிக்குப்பத்தார் பிடுங்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. அங்கே பதினைந்து பேர், இங்கே பன்னிரண்டு பேர். இடுப்பளவுத் தண்ணீர். முதலில் வாய்தான். அப்பன், பாட்டன் எல்லோரையும் இழுத்து முடித்த பிறகு கழி எழுந்தது.

தண்ணீரில் நடக்கும் அடிதடியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன், அது வேகமாக நடக்காது. கால் சேற்றில் புதைந்திருக்கும். ஓட முடியாது, விலக முடியாது. அடி வருவது தெரியும். நின்று வாங்க வேண்டும். கழி எலும்பில் படுகிற சத்தம் தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு கரை வரை வந்தது. ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு பல்லைத் துப்பினான். ஒருவன் கழுத்தைச் சம்பந்தம் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்து, குமிழி நிற்கும் சமயத்தில் விட்டான். கோட்டை மதில்மேல் இரண்டு சிப்பாய்கள் முழங்கையை ஊன்றி வேடிக்கை பார்ப்பது சிறு புள்ளியாகத் தெரிந்தது. கஸ்தூரி என் பக்கத்தில் நின்று தன் முந்தானையைக் கடித்துக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

பொன்னிக்கு எதிரே நின்றவன் துளசிங்கம். முள்ளிக்குப்பத்தில் நல்ல வலைக்காரன். அவன் பேசியது எனக்கே கேட்டது.

"பொன்னி, துண்ட அவுத்து தண்ணில போடு. பொம்பளைய அடிச்சான்னு எனக்கு பேரு வேணாம்."

தோற்றவன் துண்டை அவிழ்த்துத் தண்ணீரில் போடுவது வழக்கம். போட்டவனை அடிக்கக் கூடாது. அந்த வருஷத்துப் பாடு மட்டும் அவனுக்குப் போய்விடும். பொன்னிக்கு ஒரு வருஷத்தோடு போகாது, அவிழ்த்ததை மறுபடி கட்ட விடமாட்டார்கள் என்பது துளசிங்கத்துக்கும் தெரியும்.

"பயந்தா உன் துண்ட அவுரு" என்றாள் பொன்னி.

அவன் அடித்தான். விலாவில். அவள் மடிந்து, கழியைத் தண்ணீரில் ஊன்றி நிமிர்ந்தாள். அதற்குள் பொன்னியோடு பாடு விழுந்த மூன்று பேரும் வந்து சேர்ந்தார்கள். துளசிங்கத்தின் கை தன் தலைக்குப் போனது. அந்தக் கணத்தில் நாலு கழியும் ஒன்றாக இறங்கின.

தண்ணீர் கொஞ்ச நேரம் சிவப்பாகவும், பிறகு எப்போதும்போலவும் ஆயிற்று. எல்லோரும் கழியைக் கீழே விட்டார்கள். பிணத்தை முள்ளிக்குப்பத்துத் தோணியில் ஏற்ற, அடித்தவர்களே கை கொடுத்தார்கள்.

அன்று பகல் முழுக்க நான் தைத்தேன். உதடு, புருவம், உள்ளங்கை. பொன்னிக்கு இரண்டு விலா எலும்பு விட்டிருந்தது. வேப்பெண்ணெய் தடவி, துணியால் இறுகச் சுற்றினேன். நெஞ்சைச் சுற்ற வேண்டியிருந்ததால் பார்வையைக் கூரையில் வைத்துக்கொண்டு சுற்றினேன். முதல் சுற்று அவள் முழங்கையோடு சேர்ந்துவிட்டது.

"கண்ணத் தொறந்து கட்டு பரியாரி. கோழியா கட்டற?"

அவிழ்த்து மறுபடி கட்டினேன். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அவன் கை தலைக்கு போச்சு. பாத்தியா?"

"பாத்தேன்."

"துண்ட அவுக்க போச்சா, மண்டைய மறைக்க போச்சா?"

கரையிலிருந்து எனக்குத் தெரியவில்லை என்றேன். "பக்கத்துல இருந்த எனக்கே தெரியல" என்றாள்.

சாயங்காலம் முள்ளிக்குப்பத்துக்குப் போனேன். அந்த ஊருக்கும் சாவுச் சடங்குக்கு நான்தான். துளசிங்கத்துக்கு முகம் சிரைத்தேன். பாதி முகத்தில் சிரைக்க இடமில்லை. அவன் மனைவி திரௌபதி தலைமாட்டில் அழாமல் உட்கார்ந்திருந்தாள். மூன்று பெண் குழந்தைகள் அவள்மேல் சாய்ந்து தூங்கிப் போயிருந்தன. வெளியே துளசிங்கத்தின் தம்பி எல்லாவற்றுக்கும் முன்னால் அண்ணன் வலையை மூங்கிலிலிருந்து இறக்கிச் சுருட்டிக்கொண்டிருந்தான். இனி அது அவனுடையது.

"எத்தினி பேர் அடிச்சாங்க?" என்று திரௌபதி கேட்டாள்.

"நாலு பேரு தாயி."

அவள் புருஷனின் துண்டை எடுத்து மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

கோட்டைக்கு வழக்குப் போனால் இரண்டு ஊருக்கும் தோணி இறங்காது என்று இரண்டு பெரியதனமும் மணல்திட்டில் உட்கார்ந்து பேசினார்கள். முள்ளிக்குப்பத்துப் பெரியதனம் பெரியசாமி பழைய வழக்கத்தைக் கேட்டார். ஏரியில் ஆள் செத்தால், கொன்ற ஊர் ஒரு தலைக்கட்டை அனுப்ப வேண்டும். செத்தவன் ஊரின் ஒவ்வொரு தலைக்கட்டும் அந்த ஆளுக்கு ஒரு அடி. பிடுங்கிய வலைமுளையால், தோளுக்கும் இடுப்புக்கும் நடுவில். வாங்குகிறவன் தலையிலிருந்து துண்டு விழக்கூடாது. விழுந்தால் பாடும் போகும், தலைக்கட்டும் போகும். வாங்கி முடித்தால் பழி தீர்ந்தது. இரண்டு ஊரும் ஒரே பந்தியில் சோறு தின்னலாம். கடைசியாக வாங்கியவர் இன்னும் இருக்கிறார். இடுப்புக்குக் கீழே மட்டும் உயிரில்லை. முள்ளிக்குப்பத்துத் தலைக்கட்டு இருபத்தேழு. துளசிங்கம் போனதால் இருபத்தாறு.

யார் போவது என்று ஈச்சங்குப்பம் குலுக்கிப் போட்டது. பாடு குலுக்கிய அதே பானை. கண் கட்டியிருந்த மாசிலாமணி கிளிஞ்சலை எடுத்து விரலால் தடவினார். அவருக்கு எல்லோர் அடையாளமும் விரலுக்குத் தெரியும். கட்டை அவிழ்க்காமலே, "இன்னொரு தபா எடுக்கறேன்" என்றார்.

"யார்து அது?" என்று நாலு பக்கமும் கேட்டார்கள்.

"எல்லப்பன் வூட்டுது."

அப்போது சம்பந்தம் எழுந்தான். அவனைக் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். தன் பங்கை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவன், அவ்வளவுதான்.

"இதுல பேச இன்னா கீது? அது பொம்பள. பொம்பளைய அடி வாங்க அனுப்பினாங்கோனு ஏரி பூரா சிரிக்கும். துண்ட அவுத்துட்டு வூட்ல குந்தட்டும். மறுபடி எடுங்க. என்து வந்தாலும் போறேன்."

"அவுத்தா பாடு யாருக்கு, சம்பந்தம்?" என்றாள் பொன்னி.

"வழக்கம் யாருக்குன்னு சொல்லுதோ அவனுக்கு. நான் இன்னா பண்றது, உனக்கு நான் பங்காளியா பொறந்துட்டேன். பாடு ஆண்டாலும் உன் நைனாவ நான் பாத்துக்க மாட்டேனா? கூழு ஊத்த மாட்டேனா?"

"ஊத்துவ. நான்தான் கிண்ணத்த ஏந்திக்கினு உன் வாசலுக்கு வந்து வாங்கணும்."

மாசிலாமணி கண்கட்டை அவிழ்த்தார். "ஒரு நாளைக்கு மட்டும் அவுத்துக்க பொன்னி. நாங்க கண்டுக்கல. அப்பால கட்டிக்க."

"எங்க கட்டிக்கறது? நாளைக்கு இவன் கூட்டத்துல எந்திரிச்சி, அன்னிக்கு பொம்பளனு சொல்லித்தான தப்பிச்சான்னு கேப்பான். நீங்க இன்னா சொல்லுவீங்க?"

மாசிலாமணி கண்கட்டுத் துணியைக் கையில் சுருட்டினார்.

"பன்னெண்டு வருசம் ஆம்பளைக்கு வுழற மீன துன்னேன். ஆம்பளைக்கு வுழற அடி மட்டும் வேணாம்னா, துன்னது திருட்டு மீனாயிடும்" என்றாள் பொன்னி. சம்பந்தம் உட்கார்ந்துவிட்டான்.

வீட்டில் நடந்ததுதான் மோசம். கஸ்தூரி மடவை மீனை அரிந்துகொண்டிருந்தாள். அக்கா விஷயத்தைச் சொன்னதும் அரிவாள்மணையிலிருந்து எழாமலே ஏச ஆரம்பித்தாள்.

"செத்துப் போவே. வெலாவே ரெண்டு வுட்டுக்கினு கீது. பறி கடிச்சா பொழைக்க மாட்டமா? நான் கடிக்கறேன். எம் பொண்ணுங்க கடிக்குங்க. துண்டு துண்டுனு, இன்னாத்துக்கு இந்த துண்டு? ஒரு நாளு என்கூட குந்தி நீ பேன் பாத்துக்கினு இருந்தியா?"

"தலைல முடி இருந்தா பாத்துக்கலாம்."

"சிரிக்காத அக்கா. நீ வந்தா எனக்கு புருசன் வந்த மாதிரி எந்திரிச்சி நிக்கவேண்டியதா கீது. எனக்கு அக்கா வேணும்."

பொன்னி சுவரில் சாய்ந்து, விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் பதில் சொல்வதற்குள் மூலையில் படுத்திருந்த எல்லப்பன் பேசினார். அவர் வீட்டு விஷயத்தில் பேசி நான் கேட்டது அன்றுதான்.

"துண்ட உனக்கு நான் குடுக்கல. நீயா எடுத்துக்கினே. அன்னிக்கு எனக்கு ஆங்காரம். கண்ணு இருந்தா அறஞ்சிருப்பேன்." கூரையைப் பார்த்தபடி சொன்னார். "இப்பவும் ஆங்காரந்தான். எனக்கு வரவேண்டிய அடி அது."

"நீ தாங்க மாட்டே நைனா."

"நீ தாங்குவியா?"

"தெரியல" என்றாள்.

கஸ்தூரி அரிந்த மீனை அப்படியே போட்டுவிட்டு வெளியே போனாள். குழம்பை நான்தான் வைத்தேன். உப்பு இரண்டு தரம் விழுந்துவிட்டது. யாரும் குறை சொல்லவில்லை, அதிலிருந்தே வீட்டு நிலைமை புரிந்தது.

மூன்றாம் நாள் காலை மணல்திட்டில் இரண்டு ஊரும் கூடின. முள்ளிக்குப்பத்தார் பொன்னியைப் பார்த்ததும் முணுமுணுத்தார்கள். பெரியசாமி, "மாசிலாமணி, இது இன்னா கேலியா? பொம்பளைய அனுப்பிக் கீறே" என்றார்.

"எங்க ஊர்ல இது தலைக்கட்டு" என்றார் மாசிலாமணி. அவர் குரல் உறுதியாக இருந்தது என்று சொல்ல ஆசைதான். இல்லை.

"உங்காளு துளசிங்கம் என்ன விலால அடிச்சான். பொம்பளனு பாத்தா அடிச்சான்?" என்றாள் பொன்னி.

ஒரு பனங்கட்டையைக் கட்டிக்கொண்டு மண்டியிட்டாள். முதல் அடி துளசிங்கத்தின் தம்பிக்கு. அவன் முளையை எடுத்து, கூட்டத்தைப் பார்த்து, தரையைப் பார்த்து, அவள் முதுகில் தூசி தட்டுவதுபோலத் தட்டினான்.

"இத எண்ணாதீங்க" என்றாள் பொன்னி. "ஈ ஓட்டறான். இப்படி அடிச்சா பழி தீராது. நாளைக்கு குடிச்சிட்டு வந்து, அன்னிக்கு நான் சரியா அடிக்கலனு கழி தூக்குவான். அண்ணனுக்கு அடிக்கறியா, எனக்கு சொறிஞ்சி வுடறியா?"

இரண்டாவது தரம் அவன் அடித்தது கேட்டது. "ஒண்ணு" என்றார் பெரியசாமி.

வரிசையாக வந்தார்கள். ஐந்து வரை தோல் வீங்கியது. ஆறில் கிழிந்தது. வெட்கத்தில் தயங்கினாலும், ஒருவன் ஓங்கி அடித்ததைப் பார்த்ததும் அடுத்தவன் ஓங்கினான். ஆண்களுக்குள்ள வியாதி அது. ஒன்பதாவது ஆள் உடைந்த விலா எந்தப் பக்கம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அதே பக்கம் அடித்தான். பத்தாவது ஆள் அடித்துவிட்டு ஏரி ஓரம் போய் வாந்தி எடுத்தான். நான் எண்ணெய்ச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சட்டி ஆடி ஆடிப் பாதி எண்ணெய் என் வேட்டியில்.

பதினான்காவது அடியில் அவள் தலைத்துண்டு அவிழ்ந்து காதில் தொங்கியது. ஈச்சங்குப்பத்தார் ஒரே மூச்சாக இழுத்தார்கள். சம்பந்தத்தைப் பார்த்தேன், அவனும் மூச்சை இழுத்துக்கொண்டுதான் நின்றான். பதினைந்தாவது ஆள் ஓங்கிய முளையைத் தாழ்த்தினான். பொன்னி ஒரு கையைக் கட்டையிலிருந்து எடுத்தாள். அது தலைக்குப் போய்ச்சேர வெகுநேரம் ஆனது. விரல்கள் இரண்டு தரம் முடிச்சைத் தவறவிட்டன. கட்டி முடித்துவிட்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். "ம்" என்றாள். அவன் அடித்தான்.

இருபதுக்கு மேல் அவளிடமிருந்து குரல் வரவில்லை. ஒவ்வொரு அடிக்கும் மூக்கிலிருந்து காற்று மட்டும் வந்தது. கஸ்தூரி என் தோளைப் பிடித்திருந்த இடத்தில் நகம் இறங்கி எனக்கு ரத்தம் வந்தது. அதைச் சொல்லிக்காட்டுகிற இடம் இதுவல்ல, ஆனாலும் வந்தது.

"இருபத்தாறு" என்றார் பெரியசாமி. முளையை வாங்கி மணலில் போட்டார். "தீந்துச்சு. தூக்குங்க அவங்கள."

அப்போது முள்ளிக்குப்பத்துப் பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து திரௌபதி வந்தாள். சேலையை முழங்காலுக்கு மேல் சொருகியிருந்தாள். தலையில் துண்டு. துவைத்தும் போகாத கறை, நெற்றிக்கு மேல் கருப்பாகத் தெரிந்தது. நேரே வந்து முளையைக் குனிந்து எடுத்தாள்.

"ஏய், இன்னா பண்ற? உள்ள போ" என்றான் அவள் கொழுந்தன். அவள் திரும்பவில்லை.

பெரியசாமி முன்னால் வந்து மறித்தார். "அம்மா திரௌபதி, உன் துக்கம் தெரியுது. ஆனா உனக்கு அடி கெடையாது. இது தலைக்கட்டுக்கு உண்டான அடி. உங்க வூட்டுது அவுந்துடுச்சி."

"கட்டிக்கினுதான் கீறேன்" என்றாள் திரௌபதி. "எங்க வூட்டு அடிய எவன் அடிச்சான்? என் கொழுந்தன் அவன் வூட்டுக்கு அடிச்சான். எங்க வூட்டுக்கு?"

"எண்ணி முடிச்சாச்சும்மா. வாங்கி முடிச்சாச்சு. இனிமே அடிச்சா அது ஞாயமில்ல, கொல."

அது சரிதான். பொன்னியின் முதுகைப் பார்த்த எவனும் அதைச் சரியென்றுதான் சொல்வான். நானும் எண்ணெய்ச் சட்டியோடு ஓடி நடுவில் நின்றுவிட்டேன். கைவைக்கக் கூடாதவன் என்கிற ஒரே தைரியத்தில். அப்போது என் காலடியில், கட்டையிலிருந்து குரல் வந்தது.

"பரியாரி. நவுரு."

நான் குனிந்தேன். பொன்னி கன்னத்தைக் கட்டையில் வைத்திருந்தாள். வாயோரம் மணல். கண் திரௌபதியின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"துளசிங்கம் தலைக்கட்டு இன்னும் அடிக்கல" என்றாள். பெரியசாமிக்குக் கேட்க வேண்டும் என்று மறுபடியும், மூச்சை எடுத்துச் சொன்னாள். "செத்தவன் வூட்டு அடிதான் மொதல்ல வரணும். அத வாங்காம நான் எந்திரிச்சா பழி தீராது. அடிக்கச் சொல்லு. எண்ணு."

"பொன்னி, வேணாம்" என்றார் மாசிலாமணி.

"எண்ணச் சொல்லு."

பெரியசாமி சுற்றிலும் பார்த்தார். எண்ணினால் துளசிங்கம் வீடு இன்னும் தலைக்கட்டுதான் என்று ஆகிவிடும் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்; அந்தக் கொழுந்தனுக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். அவன் ஏதோ கத்த வாயெடுத்தான். பத்தாவது அடி அடித்து வாந்தி எடுத்தவன் அவன் கையைப் பிடித்து, "இரு" என்றான்.

பெரியசாமி விலகி நின்றார். நானும் நகர்ந்தேன்.

திரௌபதி மெல்ல அடிப்பாள் என்று நினைத்தேன். நான் மென்மையான ஆள். எனக்கு அப்படித்தான் நினைக்கத் தோன்றும். ஒரு பெண் இன்னொரு பெண்ணைப் பார்த்துக்கொண்டாள், தொட்டாற்போல ஒரு அடி, ஊரே கண் துடைத்துக்கொள்ளும் என்று என் புத்தி அதற்குள் ஒரு கூத்தே கட்டிவிட்டது. அவள் இரண்டு கையாலும் முளையைப் பிடித்து, தலைக்கு மேல் தூக்கி, குதிகால் மண்ணைவிட்டு எழ, தன் புருஷனைக் கொன்ற கைக்கு எவ்வளவு கொடுக்க வேண்டுமோ அவ்வளவும் கொடுத்தாள். இருபத்தாறு ஆண்களில் ஒருவனும் அப்படி அடிக்கவில்லை. முளை இரண்டாக முறிந்தது. பொன்னியின் கை கட்டையிலிருந்து நழுவியது. துண்டு தலையிலேயே இருந்தது.

திரௌபதி முறிந்த துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு பெரியசாமியைப் பார்த்து நின்றாள். வாடைக் காற்றில் இரண்டு ஊர் ஆண்களின் துண்டுகளும் படபடத்தன.

"இருபத்தேழு" என்றார் பெரியசாமி.

பொன்னியைக் குப்புறத் தோணியில் கிடத்தினோம். சம்பந்தம் யாரும் சொல்லாமல் கழியை எடுத்து ஊன்றினான். முகத்தைத் திருப்பிக்கொண்டே ஊன்றினான். கஸ்தூரி அக்காவின் தலையை மடியில் வைத்து, துண்டுக்குக் கீழே விரலை விட்டு, குட்டை முடியைக் கோதிக்கொண்டிருந்தாள். நான் மிச்சமிருந்த எண்ணெயை முதுகில் ஊற்றினேன். எங்கே தோல், எங்கே துணி என்று தெரியவில்லை. ஏரியில் பாதி தூரம் வந்தபோது பொன்னியின் உதடு அசைந்தது. காதை வைத்துக் கேட்டேன்.

"எண்ணினானா?"

எதற்கும் ஒரு கிண்டல் தயாராக வைத்திருப்பவன் நான். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. இருமாமல் பதில் சொன்னேன்.

"எண்ணிட்டான்."

கண்ணை மூடிக்கொண்டாள்.